சிறையில் இருந்தபடி ஜனாதிபதி தேர்தலில் நின்ற ரயில் தொழிலாளி

1920-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தல் நடந்தது. குடியரசுக் கட்சியின் ஹார்டிங்குக்கும் ஜனநாயகக் கட்சியின் காக்ஸுக்கும் பலத்த போட்டி. சோஷலிஸ்டுக் கட்சியின் சார்பில் நின்றவர் ஒரு கூட்டத்திலும் பேசவில்லை. பேச வழியும் இல்லை. அவர் அட்லாண்டா சிறையில் 9653-ம் எண் கைதி. தனக்கென்று ஒரு ஓட்டுப் போடும் உரிமைகூட இல்லாத அந்த மனிதருக்கு 9 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஓட்டளித்தார்கள்.

அவர்தான் யூஜின் விக்டர் டெப்ஸ். திருடவில்லை, கொலை செய்யவில்லை. ஒரு மேடையில் பேசினார். அதற்குப் பத்து ஆண்டு சிறை!

கரி அள்ளிய கை

இண்டியானா மாநிலம் டெரஹாட் என்ற ஊரில் 1855-ம் ஆண்டு நவம்பர் 5-ந் தேதி டெப்ஸ் பிறந்தார். பெற்றோர் பிரான்சிலிருந்து குடியேறி மளிகைக் கடை வைத்துப் பிழைத்தவர்கள். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ரயில்வே பட்டறையில் சேர்ந்தார். இன்ஜின்களில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பழைய பெயிண்டைச் சுரண்டும் வேலை. நாள் கூலி அரை டாலர். பிறகு இன்ஜினில் கரி தள்ளும் பயர்மேன் ஆனார். அந்த நாளில் பயர்மேன் வேலை உயிருக்கு உத்தரவாதம் இல்லாத வேலை. தாயாரின் வற்புறுத்தலால் அதை விட்டு, மொத்த மளிகைக் கடை ஒன்றில் குமாஸ்தாவாக உட்கார்ந்தார். ஆனால் மனம் ரயிலை விட்டு வரவில்லை. 1875-ல் பயர்மேன்கள் சங்கத்தில் சேர்ந்து, நாளடைவில் அதன் செயலாளராகவும் பத்திரிகை ஆசிரியராகவும் உயர்ந்தார்.

அப்போது டிரைவருக்கு ஒரு சங்கம், பயர்மேனுக்கு ஒன்று, கார்டுக்கு ஒன்று. ஒருவர் வேலை நிறுத்தம் செய்தால் மற்றவர் வண்டியை ஓட்டுவார். கம்பெனிக்கு அதுவே சௌகரியம். இதைக் கண்ட டெப்ஸ், 1893-ல் எல்லோருக்கும் பொதுவாக அமெரிக்க ரயில்வே யூனியனைத் தொடங்கினார். ஆனால் கறுப்பின மக்களைச் சேர்க்க வேண்டும் என்று அவர் வாதாடியும் மாநாடு சிறு வித்தியாசத்தில் அதை நிராகரித்துவிட்டது. ஒற்றுமை பேசிய சங்கம் தன் வாசலிலேயே பூட்டுப் போட்டுக்கொண்டது.

புல்மன் வேலை நிறுத்தம்

சிகாகோ அருகே ரயில் பெட்டிகள் செய்த புல்மன் கம்பெனி, 1893-ல் வியாபாரம் மந்தமானதும் கூலியை வெட்டியது. தொழிலாளர்கள் குடியிருந்த கம்பெனி வீடுகளுக்கு மட்டும் வாடகை குறையவில்லை. 1894-ல் அவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக, புல்மன் பெட்டி கோத்த வண்டிகளைத் தொடமாட்டோம் என்று யூனியன் அறிவித்தது. நாட்டின் பெரும்பகுதியில் ரயில்கள் நின்றன.

தபால் தடைப்படுகிறது என்று காரணம் காட்டி மத்திய அரசு கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கியது. இதற்கு முன்னின்ற அட்டர்னி ஜெனரல் ஆல்னி, முன்பு ரயில் கம்பெனிகளின் வக்கீல்! மாநில கவர்னர் ஆட்சேபித்தும் கேளாமல், ஜனாதிபதி கிளீவ்லண்ட் சிகாகோவுக்கு ராணுவத்தை அனுப்பினார். பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போராட்டம் முறிந்தது. கோர்ட் உத்தரவை மீறியதாக டெப்ஸுக்கு ஆறு மாதம் சிறை.

சர்க்கார் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அவர் அன்று கண்டுகொண்டார். சோஷலிஸ்டாகி 1900, 1904, 1908, 1912 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் ஜனாதிபதி தேர்தலில் நின்றார். ஜெயிக்க மாட்டோம் என்பது தெரிந்தேதான் நின்றார். பெண்களுக்கு ஓட்டு, குழந்தைகளை ஆலைக்கு அனுப்பத் தடை என்று ஊர் ஊராகப் பேச அது ஒரு வழி. முதல் தேர்தலில் 88 ஆயிரம் அளவில் இருந்த ஓட்டு, 1912-ல் 9 லட்சமாகியது.

ஒரு பேச்சின் விலை

1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. எதிர்த்துப் பேசுவோரைத் தண்டிக்கச் சட்டமும் வந்தது. 1918 ஜூன் 16-ந் தேதி ஒஹையோ மாநிலம் கான்டன் நகரில் டெப்ஸ் பேசினார். போரை அறிவிப்பவர்கள் மேலே இருப்பவர்கள், சாகப் போவதோ ஏழைகள், அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்பது அவருடைய வாதம். இரண்டே வாரத்தில் கைது. கோர்ட்டில் அவர் பேச்சை மறுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. சுப்ரீம் கோர்ட் ஒருமனதாகத் தண்டனையை உறுதி செய்தது. 1919 ஏப்ரலில் 63 வயது முதியவர் சிறைக்குள் சென்றார். போர் முடிந்து அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது!

ஜனநாயகத்தைக் காக்கவே போர் என்று உலகுக்குச் சொன்னவர் ஜனாதிபதி வில்சன். அவருடைய அட்டர்னி ஜெனரலே சிபாரிசு செய்தும் டெப்ஸை விடுவிக்க அவர் மறுத்துவிட்டார். அடுத்து வந்த ஹார்டிங்கின் ஆட்சியில், 1921 மார்ச்சில், டெப்ஸை நேரில் விசாரிக்க வாஷிங்டனுக்கு அழைத்தார்கள். காவல் இல்லாமல் தனியாக ரயிலேறிப் போய், பேசிவிட்டு, தனியாகவே சிறைக்குத் திரும்பி வந்தார். தப்பி ஓடாத இந்தக் கைதியால்தான் தேசத்துக்கு ஆபத்து என்று அதுவரை சொல்லி வந்தார்கள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தில் ஹார்டிங் அவரை விடுவித்தார். அவர் வெளியே நடந்தபோது உள்ளேயிருந்த கைதிகள் ஆரவாரம் செய்து வழியனுப்பினார்கள்.

சிறை அவர் உடலைக் கெடுத்துவிட்டது. 1926 அக்டோபர் 20-ந் தேதி டெப்ஸ் காலமானார். தொழிற்சங்க உரிமைக்கும் முதியோர் பென்ஷனுக்கும் 1935-ல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1938-ல் வந்தது. டெப்ஸ் பேசியபோது அபாயமாகத் தெரிந்தவை, பிறகு சர்க்கார் கெஜட்டில் ஏறின. டெரஹாட்டில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லம். அவரைச் சிறையில் தள்ளிய 1917-ம் ஆண்டுச் சட்டமும், சில மாற்றங்களுடன், இன்னும் அந்நாட்டில் அமலில்தான் இருக்கிறது.