தொப்பிகளில் பறவைகளை எண்ணியவர்

சில ஆண்டுகளுக்கு முன்பு, மே மாத விடியற்காலை ஒன்றில் நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவில் நின்றிருந்தேன். 'ராம்பிள்' என்று அழைக்கப்படும் அடர்ந்த சோலை அது. மர உச்சியில் தழல்துண்டு போல ஏதோ அசைய, அருகில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திப் பைனாகுலர்களை உயர்த்தினார்கள். பிளாக்பர்னியன் வார்ப்ளர். தொண்டையில் செம்மஞ்சள் நிறம் கொண்ட, ஏறத்தாழ 10 கிராம் எடையே உள்ள பாடும் பறவை. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியிலிருந்து வடக்கே வலசை செல்லும் வழியில் இளைப்பாற இறங்கியிருந்தது.

இத்தகைய சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில் பறப்பவை. பொழுது புலரும்போது கீழே கட்டடங்களே பரந்து கிடக்க, 843 ஏக்கர் பசுமை மட்டும் தீவு போலத் தெரிகிறது. ஆகவேதான், காட்டில் காண்பதற்கு அரிய பறவைகள்கூட வலசைக் காலத்தில் நகரப் பூங்காவில் கண்ணில் படுகின்றன.

அந்தப் பறவையைக் கண்டபோது என் நினைவுக்கு வந்தவர் ஃபிராங்க் சாப்மன். 1864-ஆம் ஆண்டு நியூ ஜெர்சி மாநிலத்தின் எங்கிள்வுட்டில் பிறந்தவர். கல்லூரிப் படியேறாமல், நியூயார்க் வங்கி ஒன்றில் பணிக்குச் சேர்ந்தார். 1884-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், வலசைப் பறவைகளின் வருகையைப் பதிவுசெய்யும் பணிக்குத் தன்னார்வலராக முன்வந்தார். விடியலில் எழுந்து தோப்புகளில் பறவை பார்ப்பார். பின்னர் ரயிலேறி வங்கிக்குச் செல்வார்.

அவருடைய புகழ்பெற்ற பறவைநோக்கல் பூங்காவில் நடந்ததன்று, கடைவீதியில் நடந்தது. பெண்களின் தொப்பிகளில் இறகுகளையும், பாடம் செய்த முழுப் பறவைகளையும் சூடுவது நாகரிகமாக இருந்த காலம் அது. 1886-ஆம் ஆண்டு, இரண்டு பிற்பகல்களில் மன்ஹாட்டன் வீதிகளில் நடந்து 700 தொப்பிகளை அவர் எண்ணினார். அவற்றுள் 542 தொப்பிகளில் பறவைகளோ இறகுகளோ இருந்தன. 40 வகைகளை அவரால் பெயர் சொல்லி அடையாளம் காண முடிந்தது. மரங்கொத்திகளும் ராபின்களும் மட்டுமல்ல, பிளாக்பர்னியன் வார்ப்ளரும் அப்பட்டியலில் இருந்தது.

இதில் என்னை ஈர்ப்பது அவருடைய நிதானம். அவர் எவரையும் பழிக்கவில்லை. வங்கிப் பேரேட்டை எழுதும் ஒழுங்குடன் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினார். அந்த எண்களே வாதமாயின. அதே ஆண்டு வங்கி வேலையையும் துறந்தார். 1888-இல், சென்ட்ரல் பூங்காவை ஒட்டியுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சேர்ந்தார். 1895-இல் கிழக்கு வட அமெரிக்கப் பறவைகளுக்கான கையேட்டையும், 1907-இல் வார்ப்ளர்களைப் பற்றிய தனிநூலையும் வெளியிட்டார்.

அவரைக் குறையற்றவர் என்று சொல்லிவிட முடியாது. அக்கால அறிவியல் வழக்கப்படி, ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டுச் சேகரித்தவர்தாம் அவரும். ஆனால் பொழுதுபோக்குக்காகக் கொல்வதை அவரால் ஏற்க இயலவில்லை. கிறிஸ்துமஸ் நாளில் அணிகளாகப் பிரிந்து, அதிக உயிர்களைச் சுட்டு வீழ்த்துபவருக்கு வெற்றி என்ற வேட்டைப் போட்டி அங்கே வழக்கத்தில் இருந்தது. அதற்கு மாற்றாக, 1900-ஆம் ஆண்டு தாம் நடத்திய இதழில், பறவைகளைச் சுடாமல் எண்ணுங்கள் என்று அழைப்பு விடுத்தார். 27 பேர் முன்வந்தனர். 25 இடங்களில் எண்ணினர். அவற்றுள் சென்ட்ரல் பூங்காவும் ஒன்று. இன்று அக்கணக்கெடுப்பு ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்ட இடங்களில் நடைபெறுகிறது.

பலரின் நெடிய போராட்டத்துக்குப் பின் 1918-இல் வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டம் அமெரிக்காவில் பிறந்தது. சாப்மன் 1945-ஆம் ஆண்டு மறைந்தார்.

பறவை பார்ப்பது ஓய்ந்திருப்போரின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். சாப்மனின் வாழ்க்கை அவ்வாறு சொல்லவில்லை. பெயர் தெரியாத ஒன்று அழிந்தால் எவரும் அறியார். பெயரிட்டு எண்ணப்பட்ட ஒன்று குறையும்போது மட்டுமே கேள்வி எழுகிறது. ராம்பிளில் அன்று என்னருகே நின்ற சிறுமி ஒருத்தி, பறவை பறந்து போனதும் குறிப்பேட்டைத் திறந்து அதன் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டாள். எண்ணிக்கை: ஒன்று.