தோற்றும் அவை நீங்காத் தலைவர்

இஸ்லாமும் மக்களாட்சியும் இயைந்து செல்லுமா என்னும் வினா மேலை நாடுகளில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. மக்களாட்சி மேலை நாட்டார் தந்த முறை, அது நமக்கு அயலானது என்று ஒதுங்கி நிற்போரும் நம்மிடையே உளர். இவ்விரு சாராருக்கும் விடை கூறுவது ஒரு தமிழரின் வாழ்வு. அவர் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள்.

1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் நெல்லையில் பிறந்த அவர், ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுக் கல்லூரிப் படிப்பைத் துறந்தார். பின்னர்த் தோல் வணிகத்தில் ஈடுபட்டார். 1946இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவரானார்.

நாட்டுப் பிரிவினை இந்திய முஸ்லிம்களைத் திகைப்பில் ஆழ்த்தியது. முஸ்லிம் லீகைக் கலைத்துவிட வேண்டும் என்ற குரல் வலுத்தது. அந்நிலையில் 1948 மார்ச் 10 அன்று சென்னையில் கூடியவர்கள் இந்திய யூனியன் முஸ்லிம் லீகாக இயங்க முடிவு செய்து, அவரையே தலைவராகத் தேர்ந்தனர்.

அரசியல் நிர்ணய சபையில் அவருடைய நிலை எளிதானதன்று. 1948 நவம்பர் 23 அன்று, எச்சமூகத்தாரும் தம் தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்று திருத்தம் கொணர்ந்தார். சபை அதனை ஏற்கவில்லை. 1949 மே மாதம் தனித்தொகுதி முறைக்காக வாதிட்டார். அதுவும் தள்ளப்பட்டது. அவ்வாதத்திற்கு முஸ்லிம் உறுப்பினர் சிலரே உடன்படவில்லை என்பதையும் நாம் மறைத்தல் கூடாது.

இங்கேதான் அவருடைய பெருமையை நாம் காண்கிறோம். தோற்றவர் அவையை வெறுத்து வெளியேறவில்லை. தம் கொள்கையையும் கைவிடவில்லை. தாம் கேட்டதைத் தராத அரசியல் சட்டத்தையே தம் சட்டமாக ஏற்று, அதன் வழியே மக்களிடம் சென்றார். 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையில் பணியாற்றினார். 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி மக்கள் இத்தமிழரை மக்களவைக்கு அனுப்பினர். 1967இல் தமிழகத்தில் ஆட்சி மாறியபோது, வென்ற கூட்டணியில் அவருடைய கட்சியும் இருந்தது. தனித்தொகுதி கேட்டவர், பொதுத்தொகுதியிலேயே பிற சமயத்தாருடன் கைகோத்து வெற்றி கண்டார்.

நாடாளுமன்ற வடிவம் பிரிட்டனிலிருந்து வந்தது உண்மையே. ஆயினும் கலந்தாலோசித்துச் செயலாற்றும் பண்பு நமக்குப் புதியதன்று. திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயம் ஆலோசனை எனப் பொருள்படும் ‘ஷூரா’ என்றே பெயர் பெற்றுள்ளது. மார்க்கப் பற்றையும் அவை மரபையும் ஒருசேரப் பேணலாம் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

1972 ஏப்ரல் 5 அன்று அவர் மறைந்தார். தனியார் சட்டம் பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை. அதில் கலந்துகொள்ளும் மாணவர்கள், வாதத்தின் உறுதியோடு அவருடைய பொறுமையையும் கற்க வேண்டும்.

நெய்வேலியில் வாழும் நமக்கு இப்பாடம் கடினமானதன்று. இங்குத் தொழிற்சங்க அங்கீகாரத்திற்கு இரகசிய வாக்கெடுப்பு நடக்கிறது. முடிவு அறிவிக்கப்பட்டபின், தோற்ற சங்கத்தாரும் வென்ற சங்கத்தாரும் அடுத்த ஷிப்டில் ஒரே சுரங்கத்தில் ஒன்றாய் நின்று நிலக்கரி எடுக்கின்றனர். காயிதே மில்லத் நாடாளுமன்றத்தில் செய்ததும் அதுவே.