கலைவாணரின் ஹாஸ்யம்

எளியவனைப் பரிகசித்துச் சிரிப்பூட்டுவது சுலபம். பட்டிக்காட்டானும் செவிடனும் கூனனும் நமது நாடக மேடைகளில் நெடுங்காலம் ஏளனத்துக்கு ஆளானார்கள். அவ்வழக்கத்தை விட்டு, மூடத்தனத்தையும் உயர்வு தாழ்வையும் சிரிப்புக்கு இலக்காக்கிய பெருமை காலஞ்சென்ற கலைவாணர் ஸ்ரீ என். எஸ். கிருஷ்ணனைச் சேரும்.

1908-ஆம் ஆண்டு நாகர்கோவிலைச் சார்ந்த ஒழுகினசேரியில் ஏழைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். இளமையில் வில்லுப்பாட்டிலே பற்றுக்கொண்டு, பின்பு டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். அக்குழு நடத்திய ‘தேசபக்தி’ நாடகத்திலே மகாத்மாவின் சரித்திரத்தை அவர் வில்லுப்பாட்டாகப் பாடினார். அந்நிய ஆட்சி நிலவிய காலத்தில் அது சாமான்யமான காரியமன்று.

தொண்டாமுத்தூர் முதலிய கொங்குநாட்டு ஊர்களில் வாழும் நமக்கு அவர் அயலார் அல்லர். ‘ஆர்யமாலா’, ‘சிவகவி’ முதலிய படங்கள் கோவையிலேயே உருவாயின. மனைவி ஸ்ரீமதி டி. ஏ. மதுரத்துடன் அவர் அவற்றில் நடித்தார். இருவரும் பாடிய ஹாஸ்யப் பாட்டுகள் கிராமபோன் பிளேட்டுகளாக ஊரூராகச் சென்றன. படிக்கத் தெரியாதவரும் அவற்றைக் கேட்டுச் சிரித்தனர், சிரித்தபின் சிந்தித்தனர்.

அவற்றுள் தலைசிறந்தது ‘கிந்தனார்’ காலட்சேபம். அதை இயற்றிய உடுமலை நாராயண கவியும் கொங்கு மண்ணில் பிறந்தவரே. சிதம்பர தரிசனத்துக்கு ஏங்கிய நந்தனைப்போலக் கல்விக்கு ஏங்குகிறான் கிந்தன் என்னும் ஹரிஜனச் சிறுவன். எல்லாச் சாதியாரையும் ஒருங்கே ஏற்றிச் செல்லும் ரயிலில் பட்டணம் போய்ப் படித்துப் பெரிய உத்தியோகஸ்தனாகிறான். தீண்டாமையைக் கண்டித்து எத்தனையோ பிரசங்கங்கள் செய்தோம். அவை புகாத செவிகளிலும் இக்கதை புகுந்தது. 1949-இல் அவர் தயாரித்த, மதுவிலக்கை வற்புறுத்திய ‘நல்லதம்பி’ படத்திலும் இக்காலட்சேபம் இடம்பெற்றது.

இதற்கிடையே அவர் பட்ட துயரம் பெரிது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 டிசம்பரில் கைதானார். மறு ஆண்டு தியாகராஜ பாகவதரோடு அவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஸ்ரீமதி மதுரம் மனந்தளராது போராடினார். பிரிவி கௌன்சில்வரை சென்ற அவ்வழக்கு மறுவிசாரணைக்குத் திரும்பி, 1947-இல் இருவரும் விடுதலையாயினர். பாகவதரின் பழைய செல்வாக்கு மீளவில்லை. கலைவாணரையோ ஜனங்கள் மீண்டும் அணைத்துக்கொண்டனர். சிறைவாசம் அவரது சிரிப்பைக் கசப்பாக்கவில்லை என்பதே நாம் வியக்கத்தக்கது.

காந்தியடிகளைப் போற்றிய அவர் ஸ்ரீ சி. என். அண்ணாதுரையின் நண்பராகவும் இருந்தார். ‘நல்லதம்பி’க்குக் கதை வசனம் எழுதியவர் அண்ணாதுரையே. கட்சி வேற்றுமை அவரது நட்புக்குத் தடையாகவில்லை. சம்பாதித்ததையெல்லாம் வாரி வழங்கிவிட்டு, 1957 ஆகஸ்டு 30-ஆம் தேதி, ஐம்பது வயது நிரம்புமுன் மறைந்தார்.

பொதுவாழ்வில் ஈடுபட்டோருக்கு அவரது சரித்திரம் ஒரு பாடம். எதிரியை ஏசினால் அவன் செவியை மூடிக்கொள்வான். தன் பிழையைக் கண்டு தானே சிரிக்கும்படி செய்தால், அன்றே அவன் பாதி திருந்தியவனாவான். மேடையேறும் நம்மவர் இதை மறவாதிருப்பார்களாக.