விளக்கெண்ணெய் விற்ற பிரபு

செரம்பான், போர்ட்டிக்சன் வட்டாரத்தில் எந்த மோட்டார் சைக்கிள் பட்டறைக்குள் நுழைந்தாலும் காஸ்ட்ரோல் என்ற பெயர் கண்ணில் படாமல் போகாது. தோட்டப்புறத்தில் வளர்ந்த நம்மில் பலருக்கு அந்த எண்ணெய்ப் புட்டி பழக்கமானதுதான். ஆனால், பாட்டிமார் பேதிக்குக் கொடுத்த விளக்கெண்ணெய் அந்தப் பெயருக்குள் இருப்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? ஆமணக்கெண்ணெயை ஆங்கிலேயர் காஸ்டர் ஆயில் என்பர். அதிலிருந்து பிறந்த பெயரே காஸ்ட்ரோல். அதை உலகறியச் செய்தவர் சார்ல்ஸ் சியர்ஸ் வேக்ஃபீல்டு.

இவர் 1859ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். வேக்கம் ஆயில் என்ற அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியில் பல ஆண்டுகள் உழைத்து நல்ல நிலைக்கு உயர்ந்தார். நாற்பது வயதை எட்டும் வேளையில், 1899இல், அந்த வேலையை உதறிவிட்டு லண்டன் சீப்சைடு பகுதியில் சொந்தக் கம்பெனி தொடங்கினார். பழைய கம்பெனியில் உடன் வேலை செய்த எட்டுப் பேரும் அவரோடு வந்துவிட்டனர். முதலாளியிடம் கற்ற தொழிலை வைத்தே முதலாளிக்குப் போட்டியாகக் கடை விரிப்பது நம் ஊரிலும் நடப்பதுதான். எட்டுப் பேர் நம்பி உடன் வருவதுதான் அபூர்வம்.

தொடக்கத்தில் ரயில் இஞ்சின்களுக்கும் கனரக இயந்திரங்களுக்கும் எண்ணெய் விற்றனர். பிறகு மோட்டார் காரும் விமானமும் வந்தன. அந்த இஞ்சின்களின் வேகத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ற எண்ணெய் வேண்டும். குளிரில் ஓட வேண்டும், சூட்டில் நீர்த்துப் போகக்கூடாது. கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் ஆமணக்கெண்ணெயைக் கலந்து பார்த்தனர். 1909இல் காஸ்ட்ரோல் என்ற பெயர் சந்தைக்கு வந்தது.

முதல் உலகப்போர் ஆமணக்கின் மதிப்பை உயர்த்தியது. அக்காலப் போர் விமானங்கள் பலவற்றில் இஞ்சினே சுழலும். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை அதன் நடுப்பகுதி வழியாகவே சிலிண்டருக்குச் செல்லும். அங்கே நில எண்ணெயை ஊற்றினால் பெட்ரோல் அதைக் கரைத்துவிடும். ஆமணக்கெண்ணெய் பெட்ரோலில் எளிதில் கரையாது. அதனால் அதை ஊற்றினார்கள். எரிந்தது போக மிஞ்சியது புகையாகவும் துளியாகவும் விமானியின் முகத்தில் அடிக்கும். பல மணி நேரம் அதைச் சுவாசித்த விமானிகளுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை, சிறுவயதில் விளக்கெண்ணெய் குடித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை!

போர் நடந்தபோது, 1915-16இல், வேக்ஃபீல்டு லண்டன் மாநகரத் தலைவர். ஜெர்மானியரின் செப்பலின் வான்கப்பல்கள் லண்டன் மீது குண்டு வீசிக்கொண்டிருந்தன. முதல் கப்பலை வீழ்த்துவோருக்கு 500 பவுன் தருவதாக அறிவித்தார். 1916இல் ஒன்று வீழ்ந்தபோது சுட்டவர்கள் பலர். ஒருவருக்கு மட்டும் பணம் கொடுக்க வழியில்லாததால், பீரங்கிப் படையினருக்குத் தங்கப் பதக்கங்கள் செய்து கொடுத்தார்.

வேக்ஃபீல்டு வேகத்தை விரும்பினார். வேகம் எண்ணெய் விற்கும் என்பதையும் அறிந்திருந்தார். கொடை எங்கே முடிகிறது, விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பது எனக்குக் கடினமாகவே இருக்கிறது. 1930ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். ஏமி ஜான்சன் என்ற 26 வயதுப் பெண் தனியாக ஆஸ்திரேலியாவுக்குப் பறக்க விரும்பினார். பழைய விமானம் ஒன்றை வாங்கப் பாதிப் பணத்தை அவருடைய தந்தை கொடுத்தார். மீதியை வேக்ஃபீல்டு கொடுத்தார். மே 5ஆம் நாள் புறப்பட்ட அப்பெண் இந்தியா, பர்மா, சயாம், சிங்கப்பூர் என்று இறங்கி ஏறி 24ஆம் நாள் டார்வினை அடைந்தார். அடுத்த மாதமே இன்னொரு செய்தி. வேக்ஃபீல்டின் பணத்தில் கட்டிய மிஸ் இங்கிலாந்து 2 என்ற படகில் ஹென்றி சீகிரேவ், விண்டர்மியர் ஏரியில் மணிக்கு 98 மைலைத் தாண்டி உலகச் சாதனை படைத்தார். அதே நாளில் படகு கவிழ்ந்து இறந்தும் போனார். உடன் சென்ற பொறியாளர் ஒருவரும் மடிந்தார். படகை மேலே எடுத்துச் சரிசெய்தார்கள். வேறொருவர் ஓட்டி மறு ஆண்டே 100 மைலைக் கடந்தார். அந்தப் படகை ஏரியின் அடியிலேயே விட்டிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. வேக்ஃபீல்டு பிரபுப் பட்டம் பெற்றதும் அதே 1930இல்தான்.

ஏமி ஜான்சன் மலாயாவைக் கடந்து சென்ற காலத்தில் இங்கே ரப்பர் விலை சரிந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு தொடங்கிப் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இதற்கு வேக்ஃபீல்டு காரணமல்லர். ஆனாலும் காரும் விமானமும் எண்ணெயில் மட்டுமா ஓடின? டயருக்கு ரப்பர் வேண்டும். நம் மாநிலத்தில் பகாவ் பக்கம் உள்ள கெடெஸ் தோட்டத்தை டயர்க் கம்பெனியான டன்லப்பே நடத்தியது. ஆமணக்கு விதைக்கும் இந்தியாவே பெரிய களஞ்சியம். பறந்தவர், ஓட்டியவர், பணம் கொடுத்தவர் பெயர்களெல்லாம் நூல்களில் இருக்கின்றன. மங்கு ஏந்திய கைகளையும் ஆமணக்குக் காய் பறித்த கைகளையும் அவற்றில் தேடினால், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட வேண்டியதுதான்.

அவருடைய கொடை பெரிது என்பதை மறுப்பதற்கில்லை. மருத்துவமனைகளுக்கும் அறப்பணிகளுக்கும் வாரி வழங்கினார். ஹைத் கடற்கரைக்கு அவர் அளித்த உயிர்காப்புப் படகு, 1940இல் டன்கர்க்கில் வீரர்களை மீட்கப் போய்த் திரும்பவில்லை. மறு ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் வேக்ஃபீல்டு காலமானார். பட்டத்துக்கு வாரிசு இல்லாததால் அது அவரோடு மறைந்தது.

1960இல் கம்பெனியின் பெயரிலிருந்து வேக்ஃபீல்டு நீங்கி, காஸ்ட்ரோல் மட்டும் நின்றது. 1966இல் பர்மா ஆயிலும் 2000இல் பி.பி. கம்பெனியும் அதை வாங்கின. அவர் பெயர் இன்னும் புழங்கும் இடம் ஒன்று உண்டு. மாதிரி விமானப் போட்டிக்காக அவர் ஒரு தங்கக் கோப்பை அளித்திருந்தார். அவ்வகைச் சிறு விமானத்தை ஆர்வலர்கள் இன்றும் வேக்ஃபீல்டு என்றே அழைக்கிறார்கள். அதற்கு இஞ்சின் கிடையாது, எண்ணெயும் வேண்டாம். முறுக்கிவிட்ட ரப்பர் பட்டையின் விசையில் பறக்கும்.