ஓடத்தில் போன ஊழியர்

மேற்கு மாம்பலத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் காலி நாற்காலிகளைப் பார்த்து நான் சோர்ந்துபோவதுண்டு. அப்போதெல்லாம் ஜே.எச். லொரெய்ன் ஐயாவை ஆவியானவர் எனக்கு ஞாபகப்படுத்துவார்.

லண்டனில் தந்தி குமாஸ்தாவாக இருந்தவர். ஊழிய அழைப்பு வந்ததும் வேலையை விட்டுட்டார். 1893 டிசம்பர் 26-ல், 23 வயதில், தோழர் சாவிட்ஜோடு சில்சாரிலிருந்து ஓடத்தில் புறப்பட்டார். த்லாங் ஆற்றில் எதிர்நீரோட்டம், இருபுறமும் காடு. 1894 ஜனவரி 11-ல் மிசோ மலைநாட்டின் சாய்ராங் கிராமத்தில் கரையேறினார்கள்.

அந்த மலைஜனங்களின் பாஷைக்கு எழுத்து கிடையாது. காதால் கேட்டுக் கேட்டு, ரோம எழுத்துக்களால் எழுத்துமுறை அமைத்தார்கள். லூக்கா, யோவான், அப்போஸ்தலர் நடபடிகளை மொழிபெயர்த்தார்கள். நாலு வருஷம் பாடுபட்டும் ஒரு ஞானஸ்நானம்கூட இல்லை! 1897 கடைசியில் அந்த மலையைவிட்டு இறங்கவேண்டியதாயிற்று.

ஆனால் விதை சாகலை. 1899-ல் முதல் இருவர் ஞானஸ்நானம் பெற்றார்கள். கொடுத்தவர் வேறொரு மிஷனரி. 1903-ல் லொரெய்ன் லுங்லே வந்தபோது விசுவாசிகள் அவருக்காகக் காத்திருந்தார்கள். 1944-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். 2011 கணக்கெடுப்பில் மிசோராமில் நூற்றுக்கு 87 பேர் கிறிஸ்தவர்கள்!

பிரியமானவர்களே, தலையை எண்ணிச் சோர்ந்துபோகாதீங்க. விதைச்சுக்கிட்டே இருங்க. அறுவடை கர்த்தருடையது. ஆமென்.