தூதுவர் பதவி வகிக்காத தூதுவர்

ஒரு சமூகத்தின் தலைவிதியை அச்சமூகத்திடம் கேளாமலேயே இரு அரசுகள் தீர்மானித்துவிட்டால், அதன் தலைவர் செய்யக்கூடியது என்ன? தமது அரசியல் வாழ்வின் பெரும்பகுதியை இந்தக் கேள்வியுடன் கழித்தவர் அமரர் சௌமியமூர்த்தி தொண்டமான். எந்த நாட்டிலும் அவர் தூதுவராக நியமிக்கப்பட்டதில்லை. ஆயினும் கொழும்புக்கும் புதுடில்லிக்குமிடையே மலையக மக்களின் பெயரால் பேசிய தூதுவர் எவரெனக் கேட்டால் அவரது பெயரே முதலில் நினைவுக்கு வருகின்றது.

1913 ஆம் ஆண்டு தமிழகத்தின் முனப்புதூர் கிராமத்தில் பிறந்த அவர், 1924 ஆம் ஆண்டில் இலங்கை வந்து சேர்ந்தார். தந்தையார் கருப்பையா, கங்காணியாக இருந்து இறம்பொடை வேவண்டன் தோட்டத்தின் உரிமையாளராக உயர்ந்தவர். தோட்ட உரிமையாளரின் மைந்தன் தொழிலாளரின் தலைவரானது மலையக வரலாற்றின் முரண்களில் ஒன்று. 1939 ஜூலையில் நேருவின் இலங்கை விஜயத்தின்போது இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாகியது. அதன் கம்பளைக் கிளையிலிருந்து பொதுவாழ்வில் நுழைந்த தொண்டமான், 1945 இல் அதன் தலைவரானார்.

1947 பொதுத் தேர்தலில் நுவரெலியாத் தொகுதியில் வெற்றிபெற்றுப் பாராளுமன்றம் சென்றார். அவர் உட்படக் காங்கிரஸ் உறுப்பினர்கள் எழுவர் தெரிவாகினர். ஆனால் அந்த வெற்றியின் ஆயுள் குறுகியது. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949 இன் தேர்தல் சட்டத் திருத்தமும் மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோரை வாக்குரிமையற்றவர்களாக்கின. 1952 ஏப்ரலில் ஆரம்பித்து மாதக்கணக்கில் நீடித்த சத்தியாக்கிரகமும் சட்டத்தை அசைக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில், 1950 இல், இலங்கை இந்தியக் காங்கிரஸின் தொழிற்சங்கம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸாகப் பெயர் மாற்றம் பெற்றது. வாக்குச்சீட்டைப் பறித்தவர்களால் சந்தாப் பணம் செலுத்தும் தொழிலாளியின் உழைப்பைப் பறிக்க முடியவில்லை. தொழிற்சங்கமே அவரது பலமாயிற்று.

பின்னர் வந்தது 1964 ஒக்டோபர் 30. பிரதமர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையில், நாடற்றவர்களாகக் கணிக்கப்பட்ட 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேர் இலங்கைக்கும் என்று பங்கிடப்பட்டனர். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எந்த லயன் வீட்டிலும் எவரிடமும் விருப்பம் கேட்கப்படவில்லை. 1960 முதல் பாராளுமன்றத்தில் நியமன உறுப்பினராக அமர்ந்திருந்த தொண்டமானின் எதிர்ப்பும் பொருட்படுத்தப்படவில்லை. பலர் பிறந்த மண்ணையும் உறவுகளையும் விட்டுத் தலைமன்னாரில் கப்பலேறினர்.

இந்த அனுபவமே அவரது பிற்கால அரசியலை வடிவமைத்தது என நாம் கருதுகிறோம். தமது மக்களைப் பற்றிப் பேசப்படும் எந்த மேசையிலும் தமக்கு ஓர் ஆசனம் இருக்க வேண்டுமென்பதில் அவர் பிடிவாதமாயிருந்தார். 1972 இல் தமிழர் கூட்டணியில் செல்வநாயகம், பொன்னம்பலம் ஆகியோருடன் கைகோத்தார். ஆனால் 1976 இல் தனிநாட்டுக் கோரிக்கை எழுந்தபோது, மலைநாட்டின் புவியியலையும் அங்குள்ள மக்களின் பாதுகாப்பையும் எண்ணி அதிலிருந்து விலகி நின்றார். 1977 தேர்தலில் நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியின் மூன்றாவது உறுப்பினராக மீண்டும் மக்கள் வாக்கினால் தெரிவான அவர், 1978 செப்டெம்பரில் ஜயவர்தன அரசாங்கத்தில் அமைச்சரானார்.

இம்முடிவு கடும் விமர்சனத்துக்குள்ளானது. 1983 ஜூலை வன்செயலில் தமிழர் தாக்கப்பட்டபோதும் அவர் பதவி துறக்காமை இன்றுவரை விவாதிக்கப்படுகின்றது. அந்த விமர்சனத்தில் நியாயமில்லையென்று கூற நாம் முற்படவில்லை. எனினும் அதே அமைச்சரவையில் இருந்துகொண்டே புதுடில்லித் தலைவர்களுடன் தொடர்பைப் பேணியவரும், 1984 இல் சர்வகட்சி மாநாட்டில் அமர்ந்தவரும், அவ்வாண்டிலேயே தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடத்தி ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் பெற்றுக்கொடுத்தவரும் அவரே.

1986 தைப்பொங்கலன்று ஆரம்பித்த பிரார்த்தனை இயக்கம் இந்த இரட்டை அணுகுமுறையின் உச்சம் எனலாம். தொழிலாளர் வேலைக்குச் செல்லாது கோயில்களில் கூடினர். வடக்கில் யுத்தம் மூண்டிருந்த வேளையில் மலையகமும் கொந்தளிப்பதை அரசாங்கம் விரும்பவில்லை. இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டிருந்த 6 இலட்சம் பேரில் இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்காதிருந்த 94 ஆயிரம் பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கச் சட்டம் வந்தது. 1988 இல் மேலுமொரு சட்டம் அந்த வழியை அகலமாக்கியது. தெருவில் பலமும் மேசையில் ஆசனமும் ஒன்றுசேர்ந்தபோது மட்டுமே கதவு திறந்தது.

1999 ஒக்டோபர் 30 ஆம் திகதி, சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தாகிச் சரியாக 35 ஆண்டுகள் நிறைவுற்ற நாளில், அவர் மறைந்தார். 2003 இல் நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டமும் அதே 1964 ஒக்டோபர் 30 ஐயே அளவுகோலாகக் கொண்டது. மக்களைப் பிரித்த திகதி அவர்களை இந்நாட்டுக்கு உரியவர்களாக்கும் திகதியாக மாறியதைக் காண அவர் இருக்கவில்லை.

பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. ஆனால் குடியிருக்கும் காணிக்கு உறுதியும், உழைப்புக்கேற்ற வேதனமும் இன்னும் கோரிக்கைகளாகவே உள்ளன. தொண்டமானின் சிலைக்கு ஆண்டுதோறும் மாலை அணிவிப்போர் பலர் உண்டு. அவர் அமர்ந்த ஆசனங்களை மட்டும் நாடி, அந்த ஆசனத்துக்குப் பின்னால் இருந்த தொழிலாளர் ஐக்கியத்தைச் சிதறடித்துக்கொண்டால், மலையகத்தைப் பற்றிய தீர்மானங்கள் மீண்டும் மலையகத்தைக் கேளாமலே எடுக்கப்படும். 1964 இன் பாடத்தை இரண்டாவது முறை கற்கும் நிலைக்கு அம்மக்கள் தள்ளப்படலாகாது.