குதிரைத் தபாலால் திவாலான வில்லியம் ரஸ்ஸல்

ஒரு பழைய தபால் கவர். ஓரம் நைந்து போயிருக்கிறது. மேலே முட்டை வடிவத்தில் ஒரு முத்திரை. அதன் நடுவே, நாலு கால் பாய்ச்சலில் ஓடும் குதிரையும் அதன் மேல் ஓர் ஆளும்!

பழைய கவர் சேகரிப்பவர்கள் இதைக் கண்டால் விடமாட்டார்கள். ஏலத்தில் போட்டி போட்டு, பல்லாயிரம் டாலர் கொடுத்து வாங்குவார்கள். அமெரிக்காவின் குதிரைத் தபாலில் போன கவர்களில் இப்போது மிஞ்சி இருப்பவை சுமார் 250 தான்.

அந்தத் தபாலை ஆரம்பித்தவர் வில்லியம் ரஸ்ஸல். அதனாலேயே அவர் சொத்து, பெயர் இரண்டையும் இழந்தார்.

கடைச் சிப்பந்தி

ரஸ்ஸல் 1812-ம் ஆண்டு வெர்மான்ட் மாநிலத்தில் பர்லிங்டன் என்ற ஊரில் பிறந்தார். இளம் வயதிலேயே மேற்கே மிசூரிக்கு வந்து சேர்ந்தார். கடைகளில் சிப்பந்தியாக இருந்தார். பிறகு சொந்த வியாபாரம் தொடங்கினார். அவர் பேச்சில் மயங்காதவர் இல்லை. கடன் வாங்கவும் அஞ்சமாட்டார்.

அந்தக் காலத்தில் மிசூரியைத் தாண்டி நேர் மேற்கே போனால், கலிபோர்னியா வரை மாநிலமே கிடையாது. கான்சாஸ், நெப்ராஸ்கா, யூட்டா என்ற பெரிய பிரதேசங்கள்தான் இருந்தன. அவற்றுக்கு கவர்னரை வாஷிங்டன் சர்க்காரே நியமிக்கும். பழங்குடி மக்கள் வாழ்ந்த அந்த நிலத்தின் நடுவே ராணுவக் கோட்டைகள் இருந்தன. கோட்டைகளுக்கு அரிசி பருப்பு முதல் துப்பாக்கி மருந்து வரை மாட்டு வண்டிகளில்தான் போக வேண்டும்.

ரஸ்ஸல், மேஜர்ஸ், வாடல் என்ற மூவரும் கூட்டாக அந்தக் காண்டிராக்டை எடுத்தார்கள். 1855-ம் ஆண்டு முதல் நல்ல லாபம்.

1857-ல் அடி விழுந்தது. யூட்டாவில் குடியேறி இருந்த மார்மன் மதத்தினரை அடக்க சர்க்கார் பட்டாளம் அனுப்பியது. பட்டாளத்துக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற ரஸ்ஸலின் வண்டிகளை மார்மன் படையினர் மறித்துக் கொளுத்திவிட்டார்கள். லட்சக்கணக்கான டாலர் நஷ்டம். சர்க்கார் ஈடு கட்டவில்லை.

கொடுத்த வாக்கு

கலிபோர்னியாவுக்கு அப்போது தபால் போக மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். சர்க்காரின் தபால் வண்டி தெற்கே பெரிதாகச் சுற்றிப் போனது. அதற்கு ஆண்டுக்கு 6 லட்சம் டாலர் மானியம். நடுவழியே நேராகப் போகலாம் என்று காட்டிவிட்டால் அந்த மானியம் தமக்கு வரும் என்று ரஸ்ஸல் கணக்குப் போட்டார். 1860-ம் ஆண்டு தொடக்கத்தில், பத்து நாளில் தபால் சேர்ப்பதாக வாஷிங்டனில் ஒப்புக்கொண்டுவிட்டார். கூட்டாளிகளைக் கேட்கவே இல்லை!

இது நஷ்டத்தில் முடியும் என்று மேஜர்சும் வாடலும் தடுத்துப் பார்த்தார்கள். கூட்டாளி வாக்குக் கொடுத்துவிட்டாரே என்று கடைசியில் இணங்கினார்கள். இந்த இடத்தில் அவர்கள் உறுதியாக நின்றிருந்தால் மூவரும் பிழைத்திருக்கலாம்.

1860 ஏப்ரல் 3-ந் தேதி மிசூரியில் உள்ள செயின்ட் ஜோசப் நகரில் இருந்து முதல் குதிரை புறப்பட்டது. கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ சுமார் 1,900 மைல். பத்து, பதினைந்து மைலுக்கு ஒரு நிலையத்தில் புதுக் குதிரை தயாராக நிற்கும். குதிரை மாறும், ஆள் மாறமாட்டான். சுமார் 75 மைல் ஓட்டிய பிறகுதான் அவன் இறங்குவான். கடிதங்கள் நனையாமல் எண்ணெய்ப் பட்டில் சுற்றி, சேணத்தின் மேல் போடும் தோல் பையில் பூட்டி வைத்தார்கள். சொன்னபடி பத்தாம் நாள், 13-ந் தேதி, தபால் சாக்ரமென்டோ சேர்ந்தது. ஊரே திரண்டு வரவேற்றது.

அரை அவுன்ஸ் கடிதத்துக்குக் கட்டணம் 5 டாலர்! இது தனியார் தபால். ஆகவே சர்க்கார் கட்டணம் 10 சென்ட்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அதனால்தான் இந்தக் கவர்களில் சர்க்கார் அடையாளமும் குதிரை முத்திரையும் சேர்ந்தே இருக்கும். எடை குறைய வேண்டுமே என்று ஜனங்கள் மெல்லிய காகிதத்தில் எழுதினார்கள்.

ஐந்து டாலர் வாங்கியும் கட்டவில்லை. குதிரைக்குத் தீனி, ஆட்களுக்குச் சம்பளம், நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்களில் செலவு. போதாததற்கு, அந்தக் கோடையில் பையூட் பழங்குடியினருக்கும் வெள்ளையருக்கும் சண்டை மூண்டது. நிலையங்கள் எரிந்தன. சில வாரங்கள் தபால் நின்றது. அந்த ஆண்டு பறிபோன ஒரு தபால் பையில் இருந்த கடிதம் நியூயார்க் போய்ச் சேர்ந்தது 1862-ல்! களவு போய் மீண்டது என்ற குறிப்பு கவரின் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது.

கிறிஸ்துமசுக்கு முதல் நாள்

கடன்காரர்கள் நெருக்கினார்கள். யுத்த மந்திரி பிளாய்டு, வரப்போகும் காண்டிராக்ட் பணத்துக்காக ரஸ்ஸலுக்கு முன்கூட்டியே உறுதிச் சீட்டுகள் எழுதிக் கொடுத்திருந்தார். அவற்றை வைத்துத்தான் ரஸ்ஸல் கடன் வாங்கினார். சீட்டுகளுக்குப் பணம் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. பணம் இல்லை.

பெய்லி என்ற சர்க்கார் குமாஸ்தா, பிளாய்டின் மனைவி வழி உறவினர். மந்திரியின் மானம் போகுமே என்று பயந்து, தம் பொறுப்பில் இருந்த கடன் பத்திரங்களை எடுத்து ரஸ்ஸலிடம் கொடுத்தார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. மொத்தம் 8 லட்சத்து 70 ஆயிரம் டாலர். அது யார் பணம்? பழங்குடி மக்களுக்காக சர்க்கார் காப்பாற்றி வைத்திருந்த நிதி!

டிசம்பரில் பெய்லி குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1860 டிசம்பர் 24-ந் தேதி ரஸ்ஸல் நியூயார்க்கில் கைதானார். பார்லிமென்ட் விசாரணைக் குழு முன் சாட்சி சொன்னவர் மீது அதே விஷயத்தில் வழக்கு நடத்தக்கூடாது என்பது அன்றைய சட்டம். ரஸ்ஸல் சாட்சி சொல்லியிருந்தார். அதனால் தப்பினார். நிரபராதி என்று கோர்ட்டு சொல்லவில்லை.

1861 மார்ச்சில் நடுவழித் தபாலுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் மானியம் தர சர்க்கார் முடிவு செய்தது. ஆனால் காண்டிராக்ட் போனது தெற்கு வழிக் கம்பெனிக்கு! ரஸ்ஸல் கம்பெனிக்குக் கிடைத்தது அதில் ஒரு பங்குதான்.

அதே ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி தந்திக் கம்பிகள் சால்ட்லேக் நகரில் இணைந்தன. பத்து நாள் சேதி நொடியில் பறந்தது. இரண்டு நாளில் குதிரைத் தபால் மூடப்பட்டது. பாதையில் இருந்த கடைசிக் கடிதங்கள் நவம்பரில் போய்ச் சேர்ந்தன. கம்பெனி 1862-ல் ஏலத்துக்கு வந்தது. கடன் கொடுத்த ஹாலடே என்பவரே எடுத்துக்கொண்டார்.

கான்சாஸ் 1861 ஜனவரி 29-ந் தேதி மாநிலம் ஆயிற்று. ஆகவே கவரில் தேதியையும் சேகரிப்பவர்கள் உற்றுப் பார்ப்பார்கள். அதற்கு முந்தியது என்றால் பிரதேசத்துக் கவர். மவுசு அதிகம்.

ரஸ்ஸல் நியூயார்க்கில் வேறு தொழில்கள் செய்து பார்த்தார். ஒன்றும் தலைதூக்கவில்லை, திவாலானார். 1872 செப்டம்பர் 10-ந் தேதி மிசூரியில் பால்மைரா என்ற ஊரில், 60-வது வயதில் காலமானார்.

குதிரைத் தபாலின் நினைவாக அமெரிக்க சர்க்கார் 1940-ல் ஒன்றும், 1960-ல் ஒன்றுமாகத் தபால் தலைகள் வெளியிட்டது. இரண்டிலும் குதிரை இருக்கிறது, ஓட்டுபவனும் இருக்கிறான். ரஸ்ஸல் பெயர் இல்லை.